தூவல்

ரொட்டிக்காரர் தன் சொந்த வீட்டுக்குள் நுழைய இருபது நிமிடம் ஆகும். பூட்டுச் சிக்கல் ஒன்றும் இல்லை, வாசல் கதவு திறந்துதான் கிடக்கும். அவர்தான் அந்தப் பக்கம் போக மாட்டார். சந்து வழியாகப் பின்பக்கம் போவார். துவைக்கிற கல்லருகே நின்று சட்டையைக் கழற்றுவார். உதற மாட்டார், உதறினால் பறக்கும். சுருட்டி மூடிபோட்ட வாளிக்குள் திணித்து, மூடியை முழங்காலால் அமுக்குவார். குழாயடியில் தலையை நீட்டி, காதுக்குள் விரல்விட்டுக் கழுவி, மூக்கைச் சிந்தி, நகக்கண்களைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கொடியில் கிடக்கும் வீட்டுத் துணிக்கு மாறிய பிறகுதான் படியில் கால் வைப்பார். மழை கொட்டினாலும் இதேதான். ஐம்பத்து மூன்று வயது ஆள், நனைந்த கோழி மாதிரி வெடவெடத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இத்தனையும் எதற்கு என்றால், அவர் மனைவிக்குக் கோதுமை ஆகாது. ஏப்பம் வரும், வயிறு உப்பும் என்கிற மாதிரி ஆகாது இல்லை. ஒரு துணுக்கு ரொட்டி, ஒரு சிட்டிகை மாவு உள்ளே போனால் போதும், அவள் உடம்பு தன் குடலையே எதிரி என்று நினைத்துப் புண்ணாக்கிவிடும். சீலியாக் என்று பெயர். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. கோதுமையையும் பார்லியையும் ஆயுசுக்கும் வாயில் வைக்காமல் இருப்பதுதான் வைத்தியம். இந்த நோய் உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் வந்து தொலையட்டும், ஒரு ரொட்டிக்காரர் பெண்டாட்டிக்கா வர வேண்டும்? தெருவில் அவளுக்குப் பெயரே ரொட்டிக்காரம்மா. அவள் செய்வது தையல் வேலை. அந்த வரிசையில் பாதி வீட்டுத் திரைச்சீலையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சீருடையும் அவள் கை பட்டவை. அப்படியும் ஒருத்தராவது தையல்காரம்மா என்று கூப்பிட வேண்டுமே. ஊர் வாய்க்கு ஒரு பெயர் ஏறிவிட்டால் ஏறியதுதான்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் அவள் ரொட்டி தின்றாள். விடிந்ததும் ரொட்டிப் பட்டறையில் முதல் தட்டு வெளியே வரும்போதே அவர் ஒரு ரொட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வைத்துவிடுவார். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆவி பறக்கப் பிட்டு, ஓரத்தை அவளுக்கு நீட்டுவார். ஓரம்தான் ருசி என்பது அவர் கட்சி. அவள் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து நின்றபடியே தின்பாள். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்கு அந்த நாளின் கூலி. அவள் என்னவோ இளைத்துக்கொண்டே போனாள். ரத்தம் இல்லை என்றார்கள், இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். "ஊருக்கெல்லாம் ஊட்டி வளக்கறீங்க, பொண்டாட்டியை மட்டும் பட்டினி போடறீங்களே" என்று தெருவில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே மறுநாள் இன்னும் பெரிய ஓரமாகப் பிட்டுக் கொடுப்பார். இரண்டு தடவை உண்டானாள். ஒன்று நாலாம் மாதம் போயிற்று, ஒன்று ஐந்தாம் மாதம்.

நோய்க்குப் பெயர் தெரிந்த அன்று, மருத்துவமனையில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த ரெண்டும் போனது இதனாலயா டாக்டர்?"

"இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

அந்த 'இருக்கலாம்' அவள் காதில் எவ்வளவு விழுந்ததோ, ரொட்டிக்காரர் காதில் முழுசாக விழுந்தது. பேருந்தில் திரும்பும்போது அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

சமையலறையைத்தான் முதலில் பிரித்தார்கள். மரக்கரண்டிகள் போயின, சல்லடை போயிற்று, கீறல் விழுந்த வாணலி போயிற்று. கீறலுக்குள் கோதுமை ஒளிந்திருக்குமாம், தேய்த்தாலும் போகாதாம். மேல் அலமாரி அவளுக்கு, கீழ் அலமாரி அவருக்கு. துணுக்கு கீழேதான் விழும், மேலே ஏறாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உப்பு டப்பா இரண்டு, வெண்ணெய் இரண்டு, பாத்திரம் தேய்க்கும் நார் இரண்டு. இடது அடுப்பு அவளுக்கு, வலது அடுப்பு அவருக்கு. தன்னுடைய கரண்டிக் காம்புகளில் எல்லாம் அவள் நீல நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டாள். அவர் மறதியாக நீல நூல் கரண்டியை எடுத்தால் தையல் மெஷினிலிருந்தே குரல் வரும்.

"நூல்!"

சுட்டதுபோலக் கரண்டியைக் கீழே போட்டுவிடுவார்.

"ஏம்மா, பேசாம நானும் ரொட்டியை விட்டுடறேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். "வீட்டுக்குள்ள கோதுமையே வேணாம். உனக்கு ஆக்கற சோறே எனக்கும் போதும்."

"எதுக்கு? வேலை முடிஞ்சு வந்தா ரெண்டு துண்டு ரொட்டி இல்லாம உங்களுக்குத் தூக்கம் வராது. எனக்காகப் பட்டினி கிடக்கற மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு எதிர்ல உக்காருவீங்க. அதைப் பாத்துட்டு நான் சாப்பிடணுமா?"

"நான் எங்க மூஞ்சியைத் தூக்கினேன்?"

"இப்பவே தூக்கித்தான் வச்சிருக்கீங்க."

முதலில் ஒரே மேசையில் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர் என்று சாப்பிட்டார்கள். ஒருநாள் அவர் ஏதோ சொல்லிச் சிரித்தபோது வாயிலிருந்து ஒரு துணுக்கு பறந்து மேசை நடுவில் விழுந்தது. அவள் தட்டில் விழவில்லை. இருந்தாலும் அவள் எழுந்துபோய்ச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து அவர் தட்டை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போய்விட்டார். அவள் சமையலறையில் நின்றபடி சாப்பிடுவாள், அவர் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். நடுவில் ஒரு கதவு. திறந்துதான் இருக்கும்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு."

ஊருக்கே சோறு போடுகிற கை இருந்து என்ன பிரயோஜனம்? கட்டினவளுக்கு ஒரு வாய் கொடுக்க வக்கில்லை. பட்டறையில் அவர் பிசைந்த மாவில் அறுநூறு ரொட்டி எழும்பும். அத்தனையும் அடுத்தவர் வீட்டு வயிற்றுக்கு. பிட்டு நீட்டி அவள் தின்பதைப் பார்த்து வருடம் ஒன்றாகப் போகிறது. இந்த ஏக்கம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் மறுபடி ஒரு தடவை அவர் கையால் வாங்கித் தின்ன வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

அதற்காக அவர் செய்ததைக் கேளுங்கள். அரிசி மாவும் கிழங்கு மாவும் முட்டையும் சேர்த்து ரொட்டி சுடப் பழகினார். மூன்று தடவை செங்கல் வந்தது. நாலாவது தடவை அவித்த உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்தார், ரொட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்த ஒத்திகை எல்லாம் வாரம் ஒருநாள் பட்டறைக்கு விடுமுறை விடும் நாளில். அடுப்புப் பார்க்கிறவர் ஒருத்தர் உண்டு. நெடுநெடு உருவம், நீண்ட கழுத்து, நெருப்பு முன்னாலேயே பிழைப்பு. நெருப்புக்கோழி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவரும் 'என்ன' என்று கேட்பார். அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, முந்தின நாளே தரையைக் கழுவி, மூட்டைகளைப் பின்கட்டுக்குத் தள்ளி, சுவர் முதல் கூரை வரை துடைத்து, புதுத் தட்டு, புதுப் பாத்திரம் வாங்கி வைத்தார் ரொட்டிக்காரர்.

"ஆப்பரேஷன் தியேட்டர் கூட இவ்வளவு சுத்தமா இருக்காது" என்றார் நெருப்புக்கோழி. "நான் உள்ள வரலாமா, இல்ல என்னையும் கொதிக்க வச்சு எடுக்கணுமா?"

"கழுத்தை மட்டும் கொதிக்க வைங்க. அதுலதான் அழுக்கு."

அன்று ஐந்தாவது ரொட்டி. பொன்னிறத்தில், மேலே லேசாக வெடித்து, பார்த்தாலே பசிக்கிற மாதிரி வந்தது. ரொட்டிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. குளித்துவிட்டு, பட்டறையிலேயே புதுச் சட்டை போட்டுக்கொண்டு, புதுத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

அவள் ஒரு திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். வாசனை வந்ததும் மெஷின் நின்றது.

"என்னதுங்க இது?"

"ரொட்டி."

அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "விளையாடறீங்களா?"

"அரிசியும் கிழங்கும் முட்டையும்தான். கோதுமை இல்ல. உனக்குன்னு சுட்டேன்."

"பட்டறை அடுப்புலயா?"

"நேத்தே கழுவியாச்சு. தட்டு புதுசு, பாத்திரம் புதுசு, இந்தா இந்தத் துண்டு கூடப் புதுசு."

"பட்டறை மாவு ஒரு பொட்டு கூட இதுல படலியே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பட்டறை மாவா? சத்தியமாப் படல. அது இருந்த தொட்டியையே வெளியில தூக்கி வச்சுட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை. அவர் ஓரத்தைப் பிட்டு நீட்டினார். அவள் வாங்கினாள். மெதுவாக மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு?"

"பேசாதீங்க. தின்ன விடுங்க."

மூன்று துண்டு தின்றாள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. உலகத்தில் அன்றைக்கு அவரை விடச் சந்தோஷமான ஆள் யாரும் இருந்திருக்க முடியாது.

சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அதன் பிறகு இரண்டு நாள், நினைத்துப் பார்க்கவே வேண்டாம். தண்ணீர் கூடத் தங்கவில்லை. அவர் தலையைப் பிடித்துக்கொள்ளப் போனால் கையைத் தட்டிவிட்டாள். அவர் கதவருகே நின்றார். நிற்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

மூன்றாம் நாள் கஞ்சி உள்ளே இறங்கி, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"நான் பொய் சொல்லல."

"அப்ப முதல்ல இருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம. கை கழுவினீங்க. அப்புறம்?"

"அரிசி மாவைப் புதுப் பாத்திரத்துல கொட்டினேன். கிழங்கை மசிச்சேன்."

"எதால?"

"கையாலதான். கழுவின கை. முட்டை உடைச்சு ஊத்திப் பிசைஞ்சேன். பலகையைச் சுரண்டி, வெந்நீர் ஊத்தித் தேய்ச்சிருந்தேன். அது மேல புதுத் துணி விரிச்சு, எடுத்துப் போட்டு உருட்டினேன்."

"சரி."

"கிழங்கு போட்டதால துணியில ஒட்டுச்சு. ஒரு பிடி தூவல் போட்டு, தட்டித் திருப்பி..."

"தூவல்னா?"

"தூவல்தான். ஒட்டாம இருக்கறதுக்கு."

"எதைத் தூவினீங்க?"

ரொட்டிக்காரர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றுவிட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். வீட்டில் மாவு என்றால் எல்லாமே மாவு. பட்டறையில் அப்படி இல்லை. சாக்கில் இருக்கும் வரைக்கும் அதற்குப் பெயர் மூட்டை. தண்ணீர் பட்டுப் பிசைந்து தொட்டியில் எழும்பினால்தான் மாவு. பலகையின் வலது மூலையில் ஒரு கிண்ணத்தில் இருக்கிற உலர்ந்த பொடி, அது தூவல். மூன்றும் கோதுமைதான், யாருக்குத் தெரியாது? ஆனால் முப்பது வருடமாக அந்தப் பலகையில் நிற்கிற ஆளுக்குத் தூவல் ஒரு பொருளே இல்லை. கை போகும், அள்ளும், வீசும், திரும்பி வரும். மூச்சு விடுவதை யாராவது யோசித்துச் செய்கிறார்களா? மூட்டைகளைத் தள்ளியவர், தொட்டியைத் தூக்கியவர், சுவரைத் துடைத்தவர், அந்தக் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்துவிட்டு அதே இடத்தில் வைத்திருக்கிறார். பட்டறை மாவு படவில்லை என்று அவர் செய்த சத்தியம், அவர் பாஷையில் எள்ளளவும் பொய் இல்லாத சத்தியம்.

அவள் முதலில் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலித்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள்.

"பொய் சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்லைங்க. பொய்யின்னா மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவேன். உங்களுக்கே தெரியாததை நான் எப்படிக் கேட்டுத் தெரிஞ்சுக்கறது?"

அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணுக்கு அவை யாரோ மூன்றாம் மனிதரின் கைகள் மாதிரி இருந்தன.

அந்த வாரமே ஒரு பாயும் தலையணையும் நாலு சட்டையும் எடுத்துக்கொண்டு பட்டறை மாடி அறைக்குப் போய்விட்டார். "உனக்கு உடம்பு தேறட்டும். கொஞ்ச நாள்" என்றார். அவள் படுக்கையில் கிடந்தபடி சரி என்றாள். ஒரு வாரம் என்று அவள் நினைத்தாள். அவர் மனதில் கணக்கு எதுவும் இல்லை. அந்த வீட்டில் கோதுமை வருகிற வழி தான் ஒருத்தன்தான், வழியை அடைத்துவிட்டால் போதும் என்பதுதான் அவர் நினைப்பு.

மாடி அறை என்று பெயர்தான். தகரக் கூரை, ஒரு ஜன்னல், மூலையில் காலிச் சாக்குகள். கீழே அடுப்பு எரிகிறவரை தரை சுடும், அணைந்ததும் குளிரும். அந்த வருடம் மழை விட்டபாடில்லை. வேலை முடிந்து மேலே ஏறிப் படுத்தால் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் தன் பேச்சே தனக்குக் கேட்காது. பேசுவதற்கும் யார் இருந்தார்கள்? இருபது நிமிடம் தலை கழுவத் தேவையில்லை, நகம் தேய்க்கத் தேவையில்லை, எந்தக் கரண்டியையும் எடுக்கலாம், யாரும் நூல் என்று கத்த மாட்டார்கள். ரொட்டியை மடியில் வைத்துப் பிட்டுப் பிட்டுத் துணுக்கு சிந்தச் சிந்தத் தின்னலாம். தின்றார். தொண்டையில் இறங்கினால்தானே.

காய்கறி வாங்கி வாரம் இருமுறை வீட்டு வாசல் கொக்கியில் மாட்டிவிட்டு வருவார். அவள் ஜன்னலில் நின்று பார்ப்பாள். தினமும் ஆறு மணிக்குப் போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. இன்னிக்கு என்ன பண்ணின?"

"சோறு, காய், முட்டை. வேற என்ன இருக்கு? உங்களுக்குத் தெரியாததா?"

"வயிறு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா சரி."

பிறகு இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. மழைதான் கேட்கும், அந்தப் பக்கம் ஒரு மழை, இந்தப் பக்கம் ஒரு மழை. 'வரட்டுமா' என்று அவர் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். 'வாங்க' என்று அவள் சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சொல்லாததால், நான் இல்லாதது அவளுக்கு நிம்மதி என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் கேட்காததால், விட்டது தொல்லை என்று இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நினைத்து நினைத்து ஒரு மாதம் மூன்று மாதம் ஆயிற்று.

"பொண்டாட்டி கூடச் சண்டையா?" என்று நெருப்புக்கோழி ஒருநாள் தட்டை இழுத்துக்கொண்டே கேட்டார்.

"சண்டையெல்லாம் இல்லப்பா."

"சண்டை போட்டா நாலு நாள்ல சமாதானம் ஆயிடும். நீங்க சண்டையும் போடாம இங்க வந்து உக்காந்திருக்கீங்க. இதுக்கு என்ன மருந்து?"

"அவளுக்கு நல்லதுக்குத்தான்."

"அந்தம்மாவைக் கேட்டீங்களா?"

"கேட்டுத்தான் தெரியணுமா?"

"அன்னிக்கும் இப்படித்தான் தெரிஞ்ச மாதிரி தூவினீங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் நெருப்புக்கோழி. ரொட்டிக்காரர் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

மூன்றாம் மாத முடிவில் ரத்தப் பரிசோதனை. அவரும் போனார். மருத்துவமனை வாசலில் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கன்னத்தில் சதை வைத்திருந்தது. முழங்கைக் குழி நிரம்பியிருந்தது. இத்தனை வருடத்தில் அவளை அவர் இப்படிப் பார்த்ததே இல்லை. சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே, நான் போனதும்தானே இவள் பூத்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

உள்ளே புதிதாக வந்திருக்கிற பெண் மருத்துவர். ஒரே நாற்காலி. அவள் உட்கார்ந்தாள், அவர் ஃபைலைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். மருத்துவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்ல எத்தனை பேர்?"

ரொட்டிக்காரர் 'ரெண்டு' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நான் ஒருத்திதான்."

"சமையல் நீங்களேதானா? கோதுமை எதுவும் வீட்டுக்குள்ள வர்றதில்லையே?"

"வர்றதில்லைங்க."

"அதான் பாருங்க. கோதுமைக்கு எதிரா ரத்தத்துல ஏறுற அளவு, போன தடவை நூத்து நாப்பது இருந்தது இப்ப பதினெட்டுக்கு வந்திருக்கு. ரொம்ப நல்ல முன்னேற்றம். இந்த மூணு மாசம் எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க. எதையும் மாத்தாதீங்க." சீட்டை நீட்டினார். "கவுன்ட்டர்ல குடுத்துப் பதிஞ்சுக்கோங்க."

வெளியே நீளமான நடை, சுவரோரம் பெஞ்சு. அவள் உட்கார்ந்து பையை அருகில் வைத்தாள். அவர் பைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"நல்ல சேதிதானே" என்றார்.

"ஆமா."

"பதினெட்டுக்கு வந்துடுச்சாம்."

"கேட்டேன்."

"அப்படியே இருக்கச் சொல்றாங்க."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். "அப்படியேன்னா எப்படின்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா? உங்களுக்காவது தெரியுமா? சமைச்சு, சுவத்தைப் பாத்துச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைக்கறேன். மறுநாள் அதே தட்டு. உங்க போன்ல பேசற நாலு வார்த்தையை விட்டா, நாலு நாள் தொடர்ந்து என் குரலே எனக்குக் கேக்கல, துணி குடுக்க ஆள் வந்தப்பதான் தொண்டையைச் செருமிக்கிட்டுப் பேசறேன். இதைத்தான் நல்ல முன்னேற்றம்னு எழுதியிருக்காங்க."

"நீ உள்ளதைத்தானே சொன்ன, ஒருத்தின்னு."

"ரெண்டுன்னுதான் வாயில வந்துச்சு. ரெண்டாவது ஆள் எங்கன்னு கேட்டா என்ன சொல்றது? மூட்டையோட மூட்டையா மாடியில கிடக்காருன்னா?" அவள் குரல் உயர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. "நான் உங்களைப் போகச் சொன்னேனா?"

"நீ சொல்லல."

"பின்ன?"

"என் கையால நீ செத்துப் பிழைச்ச. அதுக்கு மேல எந்த மூஞ்சியோட..."

"கை தப்புப் பண்ணிச்சுன்னா கையைக் கழுவணும். நீங்க என்னையே கை கழுவிட்டுப் போயிட்டீங்க."

அவர் ஃபைலின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அந்த ரெண்டு பிள்ளைங்க... இருக்கலாம்னு சொன்னாங்களே அன்னிக்கு. நான்தானே தினம் கொண்டாந்து ஊட்டினேன்."

அவள் பேசியபோது கோபம் இல்லை, அதை விட மோசமாக இருந்தது.

"நீங்க ஊட்டினீங்க, நான் ஆசையாத் தின்னேன். இதுல உங்களுக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவுன்னு யாரு பிரிக்கறது? அதையும் ஒரு அலமாரி மாதிரி பிரிச்சு, மொத்தத்தையும் உங்க தட்டுலயே வச்சுக்கிட்டீங்க. அதுங்களைச் சுமந்தவ நான்தாங்க. நான் யாருகிட்டப் போய் அழறது? அதுலயும் என்னைத் தனியா விட்டுட்டீங்களே."

ரொட்டிக்காரர் அழுதார். நாலு பேர் பார்க்க, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள் தடுக்கவில்லை. அவளும் அழுதாள். பத்து வருடம், பதினைந்து வருடம் முன்னால் ஒன்றாக அழுதிருக்க வேண்டிய அழுகை.

பிறகு அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சீட்டை எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் வாங்கிப் பார்த்தாள்.

"இதுல ஒரு தப்பு இருக்கும்மா" என்றார்.

"பேரா? வயசா?"

"வீட்ல ஒருத்தர்னு எழுதியிருக்கு. ரெண்டு பேர்."

"நீங்க அவங்களுக்கு யாரு?"

ரொட்டிக்காரர் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. முப்பது வருடமாக யார் கேட்டாலும் அதுதான் பதில். அதை விழுங்கிக்கொண்டார்.

"வீட்டுக்காரர்."

அவள் சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வீட்டுக்காரர் இருக்கும்போதா ஒருத்தர்னு எழுதுவாங்க?"

"இல்லாமத்தான் இருந்தேன். அதைத்தான் திருத்தணும்."

"இதை நான் அடிச்சு எழுத முடியாதுங்க. ரெண்டு பேர்னா டாக்டர் மறுபடி உக்கார வச்சு முதல்ல இருந்து கேப்பாங்க. யாரு என்ன சாப்பிடறீங்க, எதுல சமைக்கறீங்க, நீங்க என்ன வேலை, எல்லாம் சொல்லணும். இன்னிக்குக் கூட்டம் வேற ஜாஸ்தி. காத்திருப்பீங்களா?"

"இருக்கோம்மா."

"அப்ப உக்காருங்க. கூப்பிடுவாங்க."

அவர் திரும்பி வந்தார். பெஞ்சில் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்களுக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள்.